வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர்

வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் (மே 18, 1824 - ஜனவரி 12, 1877) தாவரங்களின் சந்ததி மாற்றத்தை விளக்கிய ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆவார்.

வாழ்க்கை

லைப்சிக்கில் பிறந்த இவர் பல்கலைக்கழகத்தில் பயிலவில்லை. குடும்பத்தின் இசைநூல் பதிப்பகத்தில் பணியாற்றியபடியே, கடுமையான கிட்டப்பார்வை உடையவராயினும், நுண்ணோக்கி வழியே தாவரங்களை ஆராய்ந்தார். 1863-இல் ஹைடல்பெர்க்கிலும் 1872-இல் டியூபிங்கனிலும் பேராசிரியரானார்.

ஆய்வு

நிலத்தாவரங்களில் பாலணுக்களைத் தோற்றுவிக்கும் சந்ததியும் வித்திகளைத் தோற்றுவிக்கும் சந்ததியும் மாறிமாறி வருவதை இவரது 1851-ஆம் ஆண்டு நூல் நிறுவியது. ஈரலுருத் தாவரத்தின் பச்சை உடல் பாலணுச் சந்ததியாகும். சிறிய வித்திச் சந்ததி அதனைச் சார்ந்தே வாழும். பூக்கும் தாவரத்தில் இது தலைகீழாகிறது: செடி முழுவதும் வித்திச் சந்ததி; பாலணுச் சந்ததியோ மகரந்தத்தூளிலும் சூலினுள்ளும் சில செல்களாகச் சுருங்கியுள்ளது. ஊசியிலை மரங்கள் பூவாத் தாவரங்களுக்கும் பூக்கும் தாவரங்களுக்கும் இடைப்பட்டவை என்றும் இவர் காட்டினார். டார்வினின் பரிணாம நூல் 1859-இல் வெளிவருமுன்பே தாவர உலகின் ஒருமை இவ்வாறு புலப்பட்டது.