அம்புக்குறிக்கு மேலே இருக்கும் மனிதர்: பால் சபாத்தியே

படிவம் 5 வேதியியல் பாடத்தில் ஒரு சமன்பாடு வரும். எத்தீனுடன் ஹைட்ரஜன் சேர்ந்தால் எத்தேன் கிடைக்கும். அம்புக்குறிக்கு மேலே சிறிய எழுத்தில் நிக்கல், 180 பாகை செல்சியஸ் என்று போட்டிருக்கும். தேர்வுக்காக அதை மனனம் செய்வோம். மதிப்பெண் கிடைத்ததும் மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் படித்தேன். பல்கலைக்கழகத்தில் வினையூக்கிகளைப் பற்றிய பாடம் தொடங்கிய பிறகுதான், அந்தச் சின்ன வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருப்பது தெரிய வந்தது. அவர் பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே.

தலைநகரை விட்டு வந்தவர்

தென் பிரான்சில் கோட்டைச் சுவர்களுக்குப் பெயர் பெற்ற கார்கசோன் நகரில் 1854 நவம்பர் 5ஆம் தேதி சபாத்தியே பிறந்தார். பாரிஸில் புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் கல்லூரியில் படித்து, 1877இல் தம் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். ஓராண்டு பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த பின், அக்காலத்தில் பெரும் செல்வாக்குடன் விளங்கிய வேதியியலாளர் பெர்த்தலோவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1880இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பாரிஸிலேயே தங்கியிருந்தால் பதவியும் புகழும் விரைவாக வந்திருக்கும். அவரோ தெற்கே திரும்பினார். 1882இல் துலூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 1884இல் அங்கேயே வேதியியல் பேராசிரியரானார். பின்னாளில் பாரிஸிலிருந்து உயர்ந்த பதவிகள் தேடி வந்தபோதும் துலூஸை விட்டு அவர் நகரவில்லை. நான்கு பெண் பிள்ளைகளின் தந்தையான அவர், அதிகம் பேசாதவர். ஓவியத்திலும் தோட்ட வேலையிலும் ஈடுபாடு உள்ளவர்.

ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடங்கிய ஆய்வு

1890இல் லுட்விக் மோண்டும் அவருடைய குழுவினரும் ஒரு விந்தையைக் கண்டுபிடித்தார்கள். கார்பன் மோனாக்சைடு வாயு நிக்கல் உலோகத்துடன் சேர்ந்து, எளிதில் ஆவியாகும் ஒரு சேர்மமாக மாறியது. ஒரு வாயு இப்படி உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் என்றால் மற்ற வாயுக்களும் அவ்வாறு செய்யுமா? இந்தக் கேள்வி சபாத்தியேயைப் பிடித்துக்கொண்டது. துலூஸ் கத்தோலிக்கக் கல்வி நிலையத்தில் வேதியியல் கற்பித்த பாதிரியார் ழான் பாப்டிஸ்ட் செண்டரன்ஸுடன் சேர்ந்து அவர் ஆய்வில் இறங்கினார்.

1896இல் பாரிஸில் முவாசானும் மூரூவும் புதிதாகத் தயாரித்த நிக்கல் தூளின்மீது அசிட்டிலீன் வாயுவைச் செலுத்தினார்கள். உலோகம் கனன்று ஒளிர்ந்தது. கரியும் பென்சீன் போன்ற திரவங்களும் உண்டாயின. இது வெறும் வெப்பத்தின் விளைவு என்று அவர்கள் கருதினார்கள். சபாத்தியேக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஆனால் அடுத்தவர் தொடங்கிய வேலையில் அவர் சொல்லாமல் நுழையவில்லை. இந்த ஆய்வைத் தொடரப் போகிறீர்களா என்று முவாசானிடம் கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் தம் ஆய்வைத் தொடங்கினார்.

1897இல் சபாத்தியேயும் செண்டரன்ஸும் அசிட்டிலீனுக்குப் பதிலாக எத்திலீனை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தில் இருந்த நிக்கல் தூளின்மீது அதைச் செலுத்தினார்கள். கரி படிந்தது. வெளியே வந்த வாயுவைச் சோதித்தபோது அதில் பெரும்பகுதி எத்தேனாக இருந்தது. எத்திலீனில் இல்லாத கூடுதல் ஹைட்ரஜன் எத்தேனுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி எத்திலீன் சிதைந்து கரியும் ஹைட்ரஜனுமாகப் பிரிந்திருக்கிறது. அந்த ஹைட்ரஜனை மீதமுள்ள எத்திலீனோடு நிக்கல் சேர்த்துவைத்திருக்கிறது என்று இருவரும் முடிவு செய்தார்கள். எத்திலீனையும் ஹைட்ரஜனையும் நேரடியாகக் கலந்து செலுத்திப் பார்த்தார்கள். எத்தேன் கிடைத்தது.

அதுவரை இத்தகைய வேலைக்கு விலை உயர்ந்த பிளாட்டினம்தான் தெரிந்திருந்தது. மலிவான நிக்கல் அதைச் செய்தது மட்டுமல்ல, எளிதில் அசையாத பென்சீனையும் 180 பாகை வெப்பத்தில் சைக்ளோஹெக்சேனாக மாற்றியது. 1902இல் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் மீத்தேனாகவும் நீராகவும் மாறின. இன்றும் அதன் பெயர் சபாத்தியே வினை.

படகோட்டியைப் போல

நிக்கல் எப்படி இதைச் செய்கிறது? உலோகத்தின் நுண்துளைகளில் வாயுக்கள் நெருக்குண்டு சூடேறுவதால் வினை நடக்கிறது என்பது அன்றைய பொதுவான எண்ணம். சபாத்தியே அதை ஏற்கவில்லை. ஹைட்ரஜனோடு நிக்கல் தற்காலிகமாக ஒரு சேர்மத்தை உண்டாக்குகிறது, பிறகு அதை மற்ற மூலக்கூறிடம் ஒப்படைத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றார். ஆட்களை ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் படகோட்டியைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். படகில் ஏற்றவில்லை என்றால் பயணமே இல்லை. ஏற்றியவரை இறக்கவில்லை என்றால் அடுத்தவருக்கு இடமில்லை. நல்ல வினையூக்கியின் பிடி தளர்வாகவும் இருக்கக்கூடாது, இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. இதைத்தான் இன்றைய மாணவர்கள் சபாத்தியே கோட்பாடு என்று படிக்கிறார்கள்.

இறுக்கமான பிடியின் தொல்லையை அவர் நேரிலேயே கண்டார். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பென்சீனில் தயோஃபீன் என்ற கந்தகச் சேர்மம் சிறிதளவு கலந்திருக்கும். அது நிக்கலோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே தூய்மையான பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

உலோகத்தின் மேற்பரப்பில்தான் வேலை நடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் மேற்பரப்பு 60 ஆகிவிடும். இன்றைய தொழிற்சாலைகளில் நிக்கலை நுண்துகள்களாக்கி, அலுமினா, சிலிக்கா போன்ற துளைகள் நிறைந்த தாங்கிப் பொருள்மீது பரப்பிவைக்கிறார்கள். சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமல் தாங்கி அவற்றைப் பிரித்துவைக்கிறது.

பரிசும் ஒரு பாதிரியாரும்

1912இல் வேதியியலுக்கான நோபல் பரிசு சபாத்தியேக்கும் விக்டர் கிரிக்னார்டுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. கிரிக்னார்டின் கண்டுபிடிப்பு வேறு. தொடக்கம் முதல் சபாத்தியேயோடு உழைத்த செண்டரன்ஸுக்கு அந்தப் பரிசில் இடம் கிடைக்கவில்லை. 1905இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் ழெக்கர் பரிசை இருவருக்கும் சேர்த்துத்தான் வழங்கியிருந்தது. ஆய்வின் வழிகாட்டும் எண்ணங்கள் சபாத்தியேயுடையவை என்பது உண்மை. ஆனால் எத்திலீன் ஆய்வை வெளியிட்ட கட்டுரைகளில் இரண்டு பெயர்கள் இருந்தன. உலகம் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. குழுவாகச் செய்முறைப் பயிற்சி செய்து அறிக்கை எழுதும் நமக்கு இது அந்நியமான கதை அல்ல.

மறு ஆண்டே பிரெஞ்சு அறிவியல் கழகம் பாரிஸுக்கு வெளியே வசிப்பவர்களுக்கென ஒரு புதிய உறுப்பினர் பிரிவைத் தொடங்கியது. அதில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் சபாத்தியேயும் ஒருவர். பாரிஸுக்குக் குடிபெயராமலே அந்த மரியாதை துலூஸுக்கு வந்து சேர்ந்தது.

நம் ஊர் எண்ணெய் வரை

சபாத்தியே தம் பொருள்களை ஆவியாக்கியே நிக்கல்மீது செலுத்தினார். ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் அதை மாற்றினார். எண்ணெயைத் திரவமாகவே வைத்து அதில் நிக்கல் தூளைக் கலந்து ஹைட்ரஜன் ஏற்றும் முறைக்கு 1902இல் காப்புரிமை பெற்றார். மார்ஜரின் தொழில் வளர்ந்தது அந்த வழியில்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. எண்ணெயில் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது இதயத்துக்குக் கேடு. சிங்கப்பூர் 2021 ஜூன் முதல் அத்தகைய எண்ணெய்களை உணவில் தடை செய்துள்ளது.

உணவுக்கு வெளியே இந்த வினையின் தேவை குறையவில்லை. பென்சீனிலிருந்து கிடைக்கும் சைக்ளோஹெக்சேன் நைலானுக்கு மூலப்பொருள். மலேசியாவில் செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களைச் சோப்பு, மெழுகுவர்த்தி, அழகுப் பொருள்களுக்கு ஏற்றவாறு மாற்றும் ஆலைகளிலும் நிக்கல் வினையூக்கி வேலை செய்கிறது. 2010இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஒரு கருவி, வீரர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து சபாத்தியே வினை மூலம் நீரைத் தயாரித்தது.

பிரான்ஸ் போரில் தோற்று ஓராண்டு கடந்திருந்த வேளையில், 1941 ஆகஸ்ட் 14ஆம் தேதி, தமது 86ஆம் வயதில் துலூஸிலேயே சபாத்தியே காலமானார். பின்னர் அந்நகரப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த முறை அந்தச் சமன்பாட்டை எழுதும்போது அம்புக்குறிக்கு மேலே சற்று நின்று பாருங்கள். அங்கே ஓர் உலோகத்தின் பெயர் மட்டும் இருக்கும். அதை அங்கே எழுதவைத்தவர்கள் இருவர்: ஒரு பேராசிரியரும் ஒரு பாதிரியாரும்.