சத்தத்தைப் பிரித்துப் பார்த்தவர்

இந்த மாதம் நான் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானியைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1821 ஆகஸ்டு 31-ல் ஜெர்மனியில் போட்ஸ்டாம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகனுக்கு இயற்பியல் படிக்க ஆசை, ஆனால் வீட்டில் பணம் இல்லை. பெர்லினில் ஒரு மருத்துவப் பள்ளியில் படிப்பு இலவசம். படித்து முடித்ததும் எட்டு வருடம் ராணுவ டாக்டராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சரி என்று 1838-ல் சேர்ந்தார். ஆசைப்பட்டது கிடைக்கலைன்னு அவர் சும்மா உட்காரவில்லை. ராணுவ டாக்டராக இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்தார். 1847-ல் ஆற்றல் அழியாது என்பதை விளக்கி எழுதினார். 1851-ல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டார்.

பிறகு காதைப் பற்றி ஆராய்ந்தார். உள்ளே காலியான உருண்டைகள் செய்தார். ஒரு பக்கம் பெரிய ஓட்டை, எதிர்ப்பக்கம் காதில் பொருத்தச் சின்ன ஓட்டை. ஒவ்வொரு உருண்டையும் ஒரே ஒரு சுருதிக்குத்தான் அதிரும். பெரிய உருண்டைக்குத் தாழ்ந்த சுருதி, சின்ன உருண்டைக்கு உயர்ந்த சுருதி. (காலி பாட்டில் வாயில் ஊதிப் பாருங்கள், புரியும்.) ஒரு சத்தத்துக்குள் என்னென்ன சுருதி கலந்திருக்கிறது என்று இப்படித் தனித்தனியாகக் கேட்டார். 1863-ல் இதைப் புத்தகமாக எழுதினார். காதுக்குள்ளும் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு இடம் உண்டு என்றார்.

1871-ல் அதே பெர்லினில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். நம் பாடத்தில் அதிர்வெண்ணின் அலகாக வரும் ஹெர்ட்ஸ், இவருடைய மாணவரின் பெயர்தான். 1894 செப்டம்பர் 8-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலமானார்.

அவருடைய உருண்டைகள் செய்த வேலையை இன்று ஒரு மீட்டர் செய்கிறது. ஆலைச் சத்தத்தை 63, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் என்று இரண்டிரண்டு மடங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை டெசிபல் என்று காட்டும். இதற்கு ஆக்டேவ் பேண்ட் என்று பெயர். கீழ் ஸ முதல் மேல் ஸ வரை ஒரு ஆக்டேவ்.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்க அப்பா. இருபது வருடமாகத் தறி ஓட்டுறாங்க. நாம பேசுறது கேட்கும், ஆனா என்ன பேசுறோம்னு புரியாது. கவனிக்கவே மாட்டேங்கிறாங்கன்னு நான் கோபப்படுவேன். பெரிய சத்தத்தில் வருடக்கணக்காக இருந்தால் காதில் முதலில் கெடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தானாம். ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் கேட்க அந்த உயர்ந்த சுருதிகள் வேண்டும். இது தெரிந்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது நான் கத்துவதில்லை. அப்பா முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

அப்படிப் போன காது திரும்ப வராது. உங்க வீட்டிலும் தறிக்குப் போறவங்க இருந்தா, பஞ்சு வைத்தால் போதாது, காதடைப்பான் போடச் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி