வந்தவாசிப் போரும் வேப்பேரி அச்சுக்கூடமும்: தமிழ் பைபிளைச் செதுக்கிய பப்ரிசியஸ் கடன் சிறைக்குப் போனது ஏன்?

ஸ்கூல்ல வரலாறு படிச்ச யாருக்கும் இந்த ஒரு வருஷம் மறக்காது: 1760, வந்தவாசிப் போர். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்டம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. மூணு மார்க் கேள்விக்கு இவ்வளவு எழுதினால் போதும்.

ஆனா, அந்தப் போருக்கு இன்னொரு விளைவும் உண்டு. பாடப்புத்தகத்தில் அது வராது. வந்தவாசி வெற்றியின் தொடர்ச்சியாக ஓர் அச்சு இயந்திரம் புதுச்சேரியில் இருந்து சென்னைக்கு வந்தது. அது ஒரு ஜெர்மன் போதகரின் கைக்குப் போய், தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாசித்த பைபிளோடும் தமிழின் முக்கியமான அகராதி ஒன்றோடும் சேர்ந்துகொண்டது.

அந்தப் போதகரின் பெயர் ஜோஹன் பிலிப் பப்ரிசியஸ். போர் நடந்த 1760 ஜனவரி 22 அன்று அவருக்கு சரியாக 49 வயது நிறைந்தது. யார் இவர்? இவ்வளவு செய்தவர் கடைசியில் கடனுக்காக சிறைக்குப் போனது எப்படி?

சட்டம் படித்தவர், சென்னைக்கு வந்தவர்

பப்ரிசியஸ் பிறந்தது 1711 ஜனவரி 22. ஊர், இன்றைய ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் உள்ள க்ளீபெர்க். முதலில் கீசன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பிறகு மனம் மாறி, ஹாலே நகருக்குப் போய் இறையியல் படித்தார். தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு போன்றவர்களை அனுப்பி வைத்த அதே ஹாலே.

1740-ல் தமிழ்நாட்டுக் கரையில் வந்து இறங்கினார். தமிழ் கற்றுக்கொண்டு, 1742-ல் சென்னைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே பெஞ்சமின் ஷுல்ட்சே என்ற மிஷனரி நடத்திவந்த சிறிய தமிழ் லுத்தரன் சபை இருந்தது. அதை இவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த 46 வருஷம் சென்னைதான் அவருடைய ஊர்.

நிம்மதியான 46 வருஷம்னு நினைச்சா தப்பு. 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. பப்ரிசியஸ், டச்சுக்காரர்கள் வசம் இருந்த பழவேற்காட்டுக்குப் போனார். 1749-ல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் வேப்பேரியில் மிஷனுக்கு இடம் கிடைத்தது. அங்கே ஏற்கெனவே ஒரு தேவாலயம் இருந்தது. அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானோடு தொடர்புடைய கத்தோலிக்க ஆலயம் அது. இன்று செயின்ட் மத்தியாஸ் ஆலயம் நிற்கும் இடம்.

அடுத்த அடி 1758 டிசம்பரில் விழுந்தது. லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடி சென்னையை முற்றுகையிட்டது. கோட்டைக்கு வெளியே இருந்த வேப்பேரி கொள்ளைபோனது. பப்ரிசியஸும் சக போதகர் பிரைட்ஹாப்ட்டும் மறுபடி பழவேற்காட்டுக்கு ஓடினார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை தோற்றபின்தான் சென்னையில் மூச்சு விட முடிந்தது.

வந்தவாசிக்கும் பைபிளுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் வந்தவாசி கதைக்குள் வருகிறது. இன்றைக்கு வந்தவாசின்னா பலருக்கும் ஞாபகம் வருவது கோரைப்பாய். ஆரணிக்குப் பட்டு மாதிரி வந்தவாசிக்குப் பாய். அன்றைக்கு அந்த ஊரின் மதிப்பு அதன் கோட்டையில் இருந்தது. கூட் பிடித்து வைத்திருந்த அந்தக் கோட்டையை மீட்க லாலி முற்றுகையிட்டார். கூட் உதவிப் படையோடு வந்தார். 1760 ஜனவரி 22-ல் லாலியின் படை உடைந்தது.

அதன்பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரே வருஷத்தில், 1761 ஜனவரியில், புதுச்சேரியும் சரணடைந்தது. ஆளுநர் மாளிகையில் கிடைத்த பொருட்களில் ஓர் அச்சு இயந்திரமும் எழுத்துகளும் இருந்தன. கூட் அவற்றை சென்னைக்குக் கொண்டுவந்தார்.

கம்பெனி அரசிடம் அதை இயக்கத் தெரிந்த ஆள் இல்லை. அச்சு வேலையின் அருமை தெரிந்தவர்கள் வேப்பேரி மிஷனரிகள்தான். அதனால் இயந்திரம் பப்ரிசியஸிடம் போனது. ஒரே நிபந்தனை: அரசு எப்போது கேட்டாலும் அரசின் வேலையை அச்சடித்துத் தர வேண்டும்.

யோசிச்சுப் பாருங்க. இரண்டு வருஷத்துக்கு முன்னாடி யாருடைய படை வேப்பேரியைச் சூறையாடியதோ, அந்த லாலி ஆண்ட புதுச்சேரியின் அச்சு இயந்திரம் இப்போது வேப்பேரியில். போர்க் கொள்ளையாக வந்த இயந்திரத்தில் சமாதானத்தின் நற்செய்தி. இந்த முரண்பாட்டை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

ஏற்கெனவே பைபிள் இருந்ததே, மறுபடி ஏன்?

தமிழில் முதலில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர் சீகன்பால்கு. அது 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அவர் விட்டுப்போன பழைய ஏற்பாட்டை ஷுல்ட்சே 1728-ல் முடித்தார். ஆக, பப்ரிசியஸ் வருவதற்கு முன்பே முழு பைபிள் தமிழில் இருந்தது.

பிரச்சினை நடையில். பொருள் இருந்தது, தமிழ் ஓட்டம் போதவில்லை. ஒரு வசனத்தை சபையில் வாசித்தால் கேட்பவர் மனதில் அது தங்க வேண்டும் இல்லையா? பப்ரிசியஸ் அந்த வேலையைக் கையில் எடுத்தார். எபிரேய, கிரேக்க மூலங்களைப் பார்த்தார். தமிழ் அறிந்தவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் தேடினார். எழுதியதைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வாசித்துக் காட்டித் திருத்தினார்.

வருஷங்கள் அல்ல, பத்தாண்டுகள் ஓடின. புதிய ஏற்பாடு 1770-களில் வாசகர்கள் கையில் இருந்தது. பழைய ஏற்பாட்டின் அச்சு முழுமையானது 1796-ல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

கடவுளைக் குறிக்க அவர் பயன்படுத்திய சொல் 'பராபரன்'. பின்னாளில் வந்த மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தை 'தேவன்' பிடித்தது. ஆனா 'பராபரன்' என்று சொல்லியே ஜெபித்து வளர்ந்த தலைமுறைகள் லுத்தரன் சபைகளில் உண்டு. அவர் ஜெர்மன் பாமாலைகளையும் தமிழாக்கினார். அவை ஞானப்பாட்டுகளாக ஆராதனைகளில் ஒலித்தன.

இன்னொரு பெரிய வேலை அகராதி. 1779-ல் வேப்பேரியில் அச்சான தமிழ்-ஆங்கில அகராதியில் சுமார் 9,000 சொற்கள். பிரைட்ஹாப்ட்டும் இதில் பங்காளி. அட்டையில் தமிழ் என்று இருக்காது, 'மலபார்' என்றிருக்கும். ஐரோப்பியர்கள் அன்று தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். திருத்திப் பெருக்கிய பதிப்புகள் தரங்கம்பாடியில் இருந்து தொடர்ந்து வந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இன்றைக்கும் அவர் பெயரில் அதைத் தேடலாம்.

அப்போ சிறை எப்படி வந்தது?

இதுதான் கதையின் கசப்பான பகுதி.

அன்றைய சென்னையில் சாதாரண மக்கள் பணத்தைப் போட்டுவைக்க இன்று மாதிரி வங்கி கிடையாது. நம்பிக்கையான ஆள்தான் வங்கி. போதகரைவிட நம்பிக்கையான ஆள் யார்? பலர் தங்கள் சேமிப்பை பப்ரிசியஸிடம் கொடுத்து வைத்தார்கள். மிஷன் பணமும் அவர் கையில் இருந்தது.

அந்தப் பணத்தை அவர் வட்டிக்குக் கடன் கொடுத்தார். சொந்த ஆடம்பரத்துக்காக இல்லை. கொடுத்தவர்களுக்கு வட்டி போகும், மிஷன் செலவுக்கும் உதவும் என்பதே கணக்கு. அது ஊரே கடனில் ஓடிய காலம். ஆற்காடு நவாப் முகமது அலியின் கடன் விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரை நாறியது. வாங்கியவர்கள் திருப்பித் தராதபோது பப்ரிசியஸின் கணக்கு சரிந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று சுழல் இறுகியது.

1782-ல் கூடவே இருந்த பிரைட்ஹாப்ட் இறந்தார். பப்ரிசியஸுக்கு எழுபது தாண்டியிருந்தது. முதுமையில் கடனுக்காக சிறைவாசம். 1788-ல் பொறுப்பை கெரிக்கே என்ற போதகரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். 1791 ஜனவரி 23-ல், 80-வது பிறந்தநாளுக்கு மறுநாள், சென்னையிலேயே இறந்தார்.

அவரை நல்லவர், ஏமாந்துட்டார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனா, பணம் போனவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அது போதாது. சேமிப்பை இழந்தவருக்கு, போதகர் நல்ல தமிழ் எழுதினார் என்பது ஆறுதல் ஆகாது. ஒரு வசனத்தில் ஒரு சொல்லைச் சரிபார்க்க அவர் காட்டிய கவனத்தை, அடுத்தவர் பணத்தில் காட்டவில்லை.

அவர் மொழிபெயர்த்த வசனங்களே அவரைக் கேள்வி கேட்டால்?

ரோமர் நிருபம் 13-ம் அதிகாரத்தில் பவுல் ஒரு அறிவுரை தருகிறார். அன்பைத் தவிர வேறு எதிலும் யாருக்கும் கடன்படாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதைத் தமிழில் எழுதியவரே பப்ரிசியஸ்தான்.

மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இயேசு கற்றுத்தந்த ஜெபம் இருக்கிறது. அதில் பாவ மன்னிப்பைக் கேட்கும் இடத்தில் மூலம் பேசுவது கடனைப் பற்றி. இன்று பரவலாக உள்ள தமிழ் பைபிளிலும் அந்த இடத்தில் 'கடன்' என்ற சொல்தான். நமக்கு மன்னிப்பு வேண்டும், நமக்குக் கடன்பட்டவரையும் நாம் மன்னிக்க வேண்டும். சபையில் தினமும் சொல்லும் ஜெபம் அது. வாங்கியவர்கள் தராமலும், கொடுத்தவர்களுக்குத் தர முடியாமலும் நடுவில் நின்ற ஒரு கிழவருக்கு அந்த ஜெபம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும்!

2 கொரிந்தியர் 4-ம் அதிகாரத்தில் மண்பாண்டத்தில் வைத்த பொக்கிஷம் என்ற உவமை வரும். பாண்டம் உடையக்கூடியது, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது. விசுவாசிகள் பப்ரிசியஸின் வாழ்க்கையை இப்படிப் புரிந்துகொள்ளலாம். பாண்டத்தின் விரிசலை மறைக்கத் தேவையில்லை. விரிசல் இருக்கு என்பதற்காக உள்ளே இருந்ததைக் கொட்டிவிடவும் தேவையில்லை.

இன்றைக்கு என்ன மிச்சம்?

19-ம் நூற்றாண்டில் ரேனியஸ், பெர்சிவல் ஆகியோரின் புதிய மொழிபெயர்ப்புகள் வந்தன. பழைய நடையை மாற்றக்கூடாது என்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் 1871-ல் பவர் தலைமையிலான குழு வெளியிட்ட ஐக்கிய மொழிபெயர்ப்பு, பப்ரிசியஸின் தமிழை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. இன்று பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் பைபிள் அதுதான். லுத்தரன் சபைகள் 20-ம் நூற்றாண்டிலும் பப்ரிசியஸின் பைபிளை விடவில்லை.

வேப்பேரி அச்சுக்கூடம் பின்னாளில் எஸ்.பி.சி.கே. அச்சகமாகி, டயோசிசன் பிரஸ் என்ற பெயரில் நீண்டகாலம் இயங்கியது. புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது.

அடுத்த முறை வந்தவாசிக் கோட்டையின் மிச்சத்தைக் கடந்து போனால், கூட், லாலி பெயர்களோடு இந்த மூணாவது பெயரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஜெயித்த கூட்டுக்குப் புகழ் கிடைத்தது. தோற்ற லாலிக்கு 1766-ல் பாரிஸில் மரண தண்டனை கிடைத்தது. போரில் கலந்துகொள்ளாத பப்ரிசியஸுக்கு ஓர் அச்சு இயந்திரம் கிடைத்தது. அவர் பட்ட கடனை அவரால் அடைக்க முடியவில்லை. தமிழுக்கு அவர் கொடுத்தது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.