புழுக்களை வரைந்த மரியா

உங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வாசலில் கொஞ்சம் மண் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒன்று நிற்கும். மழைக்குப் பிறகு அதன் தளிர் இலைகளைக் கவனித்துப் பாருங்கள். காக்கை எச்சம் போட்டதுபோல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சம் அல்ல, புழு! சில நாட்களில் அது தோல் உரித்துப் பச்சை நிறமாகிவிடும். குச்சியால் மெதுவாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு ஒன்றை நீட்டும். ஒரு மாதிரி நாற்றமும் வரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கூட்டைப் பிளந்துகொண்டு அழகான பட்டாம்பூச்சி வெளியே வரும்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி... இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதே என்கிறீர்களா? சரிதான். ஆனால், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பெரிய படிப்பாளிகள் பலருக்கே இது சரியாகத் தெரியாது. புழுக்கள் சேற்றிலிருந்தும் அழுகிய பொருட்களிலிருந்தும் தானாகவே முளைக்கின்றன என்றுதான் ஐரோப்பாவில் பலரும் நம்பினார்கள். புழுவைப் பிடித்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டால், பார்க்கிறவர்கள் முகம் சுளித்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் ஒரு சிறுமி பெட்டி பெட்டியாகப் புழுக்களை வளர்த்தாள். அவள் பெயர் மரியா சிபில்லா மெரியன்.

1647ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி, ஜெர்மனியில் உள்ள பிராங்ஃபர்ட் நகரில் மரியா பிறந்தார். தந்தை மத்தேயுஸ் மெரியன் புகழ்பெற்ற செதுக்கு ஓவியர். சொந்தமாகப் புத்தகப் பதிப்பகம் வைத்திருந்தவர். மரியாவுக்கு மூன்று வயதானபோது அவர் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு தாய் மறுமணம் செய்துகொண்டார். புதிய தந்தை யாக்கோப் மாரெலும் ஓவியர்தான். பூக்களை வரைவதில் கெட்டிக்காரர். அவரிடம் மாணவர்கள் பலர் பயின்றார்கள். அவர்களோடு சேர்ந்து மரியாவும் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்தக் காலத்துப் பூ ஓவியங்களில் அழகுக்காக ஒரு பட்டாம்பூச்சியையோ வண்டையோ வரைவது வழக்கம். மரியாவுக்கு அந்த அலங்காரப் பூச்சிமீதுதான் ஆசை வந்தது.

13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தாள். முசுக்கொட்டை இலையைத் தின்று, தோல் உரித்து, நூல் நூற்றுக் கூடு கட்டி, கடைசியில் சிறகோடு வெளியே வருவதை நாள்தோறும் உட்கார்ந்து பார்த்தாள். பட்டுப்புழு இப்படி மாறினால் மற்ற புழுக்களும் மாறவேண்டுமே! தோட்டம் தோட்டமாகப் போய்க் கிடைத்த புழுக்களையெல்லாம் கொண்டுவந்தாள். அங்கேதான் சிக்கல். ஒரு புழு தின்னும் இலையை இன்னொரு புழு தொடாது. இலை மாறினால் பட்டினி கிடந்தே செத்துப்போகும். ஆகவே, எந்தச் செடியில் புழு கிடைத்ததோ, அதே செடியின் இலையைத் தினமும் பறித்து வந்து போட வேண்டும். கூட்டுப்புழு ஆனபின் எப்போது வெடிக்கும் என்றும் சொல்ல முடியாது. சில கூடுகள் பல மாதம் அசையாமல் கிடந்தன. சிலவற்றிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஈக்களும் குளவிகளும் வந்தன! அவை புழுவின் உடம்புக்குள் ஒட்டுண்ணியாக வளர்ந்தவை என்பது இன்று நமக்குத் தெரியும். காரணம் புரியாவிட்டாலும், கண்ணில் கண்டதை அப்படியே குறித்துவைத்தார் மரியா.

18 வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் யோஹான் கிராஃப், மாற்றாந் தந்தையின் மாணவர். சில ஆண்டுகளில் குடும்பம் நியூரம்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு பெண் குழந்தைகள்: யோஹன்னா, டோரத்தியா. அந்த ஊரில் எண்ணெய் வண்ண ஓவியம் வரைந்து விற்க ஓவியர் சங்கம் பெண்களை அனுமதிக்கவில்லை. மரியா நீர் வண்ணத்துக்கு மாறிக்கொண்டார். பதப்படுத்திய கன்றுத் தோலில் நீர் வண்ணம் தீட்டினார். ஊர்ப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் சொல்லிக்கொடுத்தார். வண்ணங்கள் விற்றார். இத்தனை வேலைக்கும் நடுவில் புழுப் பெட்டிகளுக்கு இலை போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

1679இல் அவரது புழுப் புத்தகம் வெளிவந்தது. 50 படங்கள். 1683இல் இரண்டாம் பாகம், மேலும் 50 படங்கள். இதில் என்ன புதுமை? அதற்கு முன்பும் பூச்சிகளை வரைந்தவர்கள் உண்டு. ஆனால், பெரும்பாலோர் பூச்சியை வெறும் வெள்ளைத் தாளில் தனியாக வரைந்தார்கள். மரியாவோ ஒரே படத்தில் செடியை வரைந்து, அதன் இலையைக் கடித்துத் தின்னும் புழு, தொங்கும் கூடு, பறக்கும் பட்டாம்பூச்சி, முடிந்தால் முட்டை என்று ஒரு பூச்சியின் வாழ்க்கை முழுவதையும் அதன் மேல் வைத்துவிட்டார். இலையில் புழு கடித்த ஓட்டைகளைக்கூட விடவில்லை! இன்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் வாழ்க்கைச் சுழற்சிப் படத்துக்கு அவர் ஒரு வகையில் பாட்டி. பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தபோது, தன் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் புரிகிற ஜெர்மன் மொழியில் இதை எழுதினார்.

பின்னர் கணவரைப் பிரிந்தார். தாயையும் இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தில் ஒரு சமயக் குழுவினரின் மாளிகையில் சில ஆண்டுகள் எளிய வாழ்க்கை வாழ்ந்தார். தாய் இறந்த பிறகு, 1691இல் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்துசேர்ந்தார்.

அப்போது உலகம் முழுக்க டச்சுக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நம் பழவேற்காட்டில்கூட 1613 முதல் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. இன்றும் அங்கே போனால் அவர்களது பழைய கல்லறைகளைப் பார்க்கலாம். நம் கரையிலிருந்து துணி மூட்டைகள் போன அதே காலத்தில், தூர தேசத்துச் சிப்பிகளும் பாம்புகளும் பட்டாம்பூச்சிகளும் கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்களின் அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மரியா அவற்றைப் போய்ப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தன. ஆனால், எல்லாம் செத்துப்போய் ஊசியில் குத்தப்பட்டவை. இந்தப் பட்டாம்பூச்சி புழுவாக இருந்தபோது என்ன தின்றது? கூடு எப்படி இருந்தது? யாருக்கும் பதில் தெரியவில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எங்கே? தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த சுரினாமுக்கு!

அப்போது அவருக்கு 52 வயது. கடல் பயணமே இரண்டு மாதம். கொள்ளையர், புயல், காய்ச்சல் என ஆபத்துகள் வேறு. திரும்பி வராமலும் போகலாம் என்று நினைத்து உயில் எழுதிவைத்தார். செலவுக்காகத் தன் ஓவியங்களையும் பூச்சிச் சேகரிப்பையும் விற்றார். 1699ஆம் ஆண்டு, 21 வயது மகள் டோரத்தியாவுடன் கப்பல் ஏறினார். ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள், அதுவும் புழுக்களைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து போனது ஊருக்கெல்லாம் வியப்பு.

சுரினாமில் வெள்ளைக்கார முதலாளிகளுக்குக் கரும்பைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. கரும்பை விட்டுப் பூச்சியைத் தேடி வந்த அம்மாளைப் பார்த்து அவர்கள் கேலி செய்தார்கள். மரியா காட்டுக்குள் போனார். முள்ளும் புதருமாக அடர்ந்த காடு. கோடரியால் வழி வெட்டிக் கொடுத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அந்நாட்டுப் பூர்வகுடிகளும்தான். அவர்களே அவருக்குப் புழுக்களைக் கொண்டுவந்து தந்தார்கள். எந்தச் செடி எதற்குப் பயன்படும் என்றும் சொன்னார்கள். அவர்கள் இல்லாமல் மரியாவின் புத்தகம் இல்லை. ஆனால், அவர்களில் ஒருவர் பெயர்கூடப் புத்தகத்தில் இல்லை என்பது வருத்தமான விஷயம். ஒன்றை மட்டும் அவர் மறைக்கவில்லை. நம் ஊர்ப் பூங்காக்களில் மயில்கொன்றை என்று வளர்க்கிறோமே, செம்மஞ்சள் பூச்செடி, அதையும் அங்கே வரைந்தார். அடிமைப் பெண்கள் முதலாளிகளிடம் படும் கொடுமைகளைத் தன்னிடம் சொன்னதை, அந்தப் படத்துக்கான குறிப்பிலேயே எழுதிவைத்தார்.

ஐந்து ஆண்டுகள் தங்குவதாகத் திட்டம். ஆனால், வெயிலும் காய்ச்சலும் அவரை வாட்டி எடுத்தன. உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலை. 21 மாதங்களில், 1701இல் புறப்பட வேண்டியதாயிற்று. பதப்படுத்திய பூச்சிகள், பாம்புகள், உலர்ந்த செடிகள், கட்டுக் கட்டாக ஓவியங்கள் எல்லாம் கூடவே கப்பலேறின.

பிறகு நான்கு ஆண்டுகள் ஒரே உழைப்பு. 1705இல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய புத்தகம் வெளிவந்தது. 60 பெரிய படங்கள். படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுப்பார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறி வரும். மரியா சில பிரதிகளுக்கு ஒரு தந்திரம் செய்தார். மை காயாத அச்சின்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தினார். இப்போது படம் நேராகிவிட்டது; கோடுகளும் மெலிதாக விழுந்தன. அதன்மேல் கையால் வண்ணம் தீட்டினால் அச்சு என்றே தோன்றாது, அசல் ஓவியம்போல இருக்கும்!

அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் நமக்கு வேற்றூர் என்றே தோன்றாது. முதல் படம் அன்னாசி. அதன்மேல் யார் தெரியுமா? நம் சமையலறைக் கரப்பான் பூச்சி! அப்புறம் மரவள்ளி, கொய்யா, முந்திரி, பப்பாளி, வாழை. இவற்றில் வாழை தவிர மற்றவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவைதான்.

மரியா தவறே செய்யவில்லையா? செய்தார். நீண்ட மூக்குள்ள ஒரு பூச்சி இரவில் விளக்குபோல ஒளிவிடும் என்று எழுதினார். அது ஒளிவிடுவதில்லை. இதுபோன்ற பிழைகளைப் பிடித்துக்கொண்டு, பிற்காலத்தில் சிலர் அவர் எழுதியது முழுவதும் கட்டுக்கதை என்றார்கள். குறிப்பாகக் கொய்யா மரப் படம் அவர்களுக்குக் கிண்டலாகிவிட்டது. அதில் ஒரு பெரிய சிலந்தி, சின்னஞ்சிறு தேன் குடிக்கும் பறவையைப் பிடித்துத் தின்கிறது. சிலந்தியாவது, பறவையைத் தின்பதாவது என்று சிரித்தார்கள். மரியா திரும்பி வந்து பதில் சொல்ல முடியாது. அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேலாகியிருந்தது. அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் சுற்றிய ஆங்கிலேயர் ஹென்றி வால்டர் பேட்ஸ், 1863இல் வெளியிட்ட நூலில், ஒரு பெரிய சிலந்தியின் பிடியில் சிறு பறவைகளைத் தன் கண்ணால் கண்டதாக எழுதினார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மரியாவின் கடைசிக் காலம் வசதியாக இல்லை. பக்கவாதம் வந்தது. 1717 ஜனவரி 13இல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். புழுப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தை அதே ஆண்டு மகள் டோரத்தியா அச்சிட்டு வெளியிட்டார். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டருக்காக மரியாவின் ஓவியங்கள் பல விலைக்கு வாங்கப்பட்டன. டோரத்தியாவும் கணவரோடு ரஷ்யாவுக்குப் போய், அங்கே ஓவியம் கற்றுக்கொடுத்தார். பிறகு, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ், பல பூச்சிகளைக் குறிப்பிட மரியாவின் படங்களையே ஆதாரமாகக் காட்டினார். ஜெர்மனியில் யூரோ வருவதற்கு முன்பு புழங்கிய 500 மார்க் நோட்டில் மரியாவின் முகம் இருந்தது. 2018இல் பனாமா நாட்டின் அபூர்வமான கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

வாழ்நாள் முழுவதும் சிறு சிறு தோல் துண்டுகளில் வரைந்த புழுக்களும், பக்கத்தில் எழுதிய குறிப்புகளும் சேர்ந்த அவரது ஆய்வுப் புத்தகம், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அறிவியல் கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதில் முதலாவதாக இருப்பது, 13 வயதில் பிராங்ஃபர்ட் வீட்டில் அவர் இலை போட்டு வளர்த்த பட்டுப்புழுவைப் பற்றிய குறிப்பு.