விலைபோக மறுத்த வீரர் கர்ட் ஃபிளட்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் பெரும்புகழ் ஈட்டியவர் கர்ட் ஃபிளட். எனினும், ஆட்டத்தினும் மேலாக அவர் தொடுத்த ஒரு வழக்கின் பொருட்டே நாம் அவரை நினைவுகூர்கிறோம்.

1938 ஜனவரி 18ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் பிறந்த அவர், கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்தார். தென்மாநிலங்களில் ஆடத் தொடங்கியபோது, கறுப்பினத்தவர் என்பதால், உடன் ஆடிய வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் உண்ண இயலாதவராயிருந்தார். அவ்விழிவு எத்தகையதென நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1958இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் சேர்ந்தார். 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி உலகத் தொடரை வெல்லத் துணைநின்றார். பந்தைப் பிடித்துக் காக்கும் திறனுக்கான தங்கக் கையுறை விருதை 1963 முதல் ஏழாண்டுகள் தொடர்ந்து பெற்றார்.

1969 அக்டோபரில் அவரைக் கேளாமலேயே பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டனர். அந்நாளைய ஒப்பந்த விதிப்படி, ஆட்டக்காரர் ஒருமுறை கையொப்பமிட்டால், அணி உரிமையாளரே ஆண்டுதோறும் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள்ளலாம். விரும்பினால் வேறு அணிக்கு விற்கலாம். ஆட்டக்காரரோ தாமாக வேறு அணியை நாட இயலாது.

ஃபிளட் அப்போது ஆண்டுக்கு 90,000 டாலர் ஊதியம் பெற்றவர். புதிய அணி அதனினும் மிகுதியாகத் தர முன்வந்தது. இவருக்கு என்ன குறை எனப் பலர் வினவினர். ஊதியம் எத்துணை உயர்ந்தாலும் மனிதன் பிறர் உடைமையாகான் என்பதே அவர் கொள்கை. டிசம்பர் 24ஆம் நாள் ஆட்ட ஆணையருக்கு மடல் விடுத்து உரிமை கோரினார். அது மறுக்கப்படவே, 1970இல் வழக்குத் தொடுத்தார்.

ஆட்டக்காரர் சங்கம் துணைநின்றது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்தர் கோல்ட்பர்க் வாதாடினார். நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் சாட்சியம் அளித்தார். ஆனால், அன்று களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவரும் சாட்சி கூற முன்வரவில்லை. அவ்வாண்டு முழுவதும் ஃபிளட் ஆடாதிருந்தார். 1971இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்கள் மட்டுமே ஆடி, களத்தைவிட்டு விலகினார்.

1972 ஜூன் 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஐவர் மூவர் என்னும் கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வணிக ஏகபோகத் தடைச் சட்டத்தினின்று பேஸ்பாலுக்கு 1922இல் கிடைத்த விலக்கை அது மாற்றவில்லை. மாற்றும் பொறுப்பை நாடாளுமன்றத்திற்கே விட்டது.

ஆயினும் அவர் மூட்டிய கனல் அவியவில்லை. 1975 டிசம்பரில், மெசர்ஸ்மித், மெக்னாலி என்னும் இரு ஆட்டக்காரர்களின் முறையீட்டில், பழைய ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் நீளாது என நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். அதன்பின் ஆட்டக்காரர்கள் தமக்குரிய அணியைத் தேடும் உரிமை பெற்றனர். ஊதியமும் பன்மடங்கு உயர்ந்தது.

1997 ஜனவரி 20ஆம் நாள், தம் 59ஆம் வயதில் ஃபிளட் மறைந்தார். பேஸ்பால் ஆட்டக்காரர்க்கு அச்சட்டத்தின் காப்பை வழங்கிய 1998ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையே தாங்கியது. தாம் துய்க்காத உரிமைக்காகத் தம் வாழ்வின் நல்லாண்டுகளை ஈந்தவர் அவர். தமக்குப் பயன் வாராதெனினும் நியாயம் கேட்க ஒருவர் முதலில் எழுந்து நின்றாக வேண்டும். இதுவே அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளும் பாடம்.