இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ணபிள்ளை

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே வாசுதேவநல்லூர், தென்காசி, குற்றாலம் என்னும் ஊர்களைக் கொண்டு, கிழக்கே பொருநையாறு கடலொடு கலக்குமிடம்வரை பரந்து கிடந்தது பழைய திருநெல்வேலிச் சீமை. 2019ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னர் இம்மலையடி ஊர்கள் யாவும் திருநெல்வேலி மாவட்டத்தின்கண் அடங்கியிருந்தன. இச்சீமை பல சமயத்தார்க்கும் தாயகமாய் விளங்கித் தமிழ் வளர்த்த பெருமை உடையது. சிவபெருமான் அர்த்தநாரீசுவரராய் எழுந்தருளியிருக்கும் வாசுதேவநல்லூர், திருமாலின் பெயரைத் தாங்கி நிற்றல் காண்க. நம்மாழ்வார் தோன்றிய திருக்குருகூரும், குமரகுருபரர் பிறந்த திருவைகுண்டமும் இச்சீமையினவே. குற்றாலத்து இறைவன்மீது குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும், நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவரும் இந்நிலம் போற்றும் புலவர்கள். அவ்வரிசையில் கிறித்தவ சமயத்தின் சார்பில் வைத்து எண்ணத்தக்கவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஆவார். ஐயமும் கலக்கமும் நிறைந்த நெடுவழியில் நடந்து, தாம் கண்ட நம்பிக்கையை இறுதிவரை கைவிடாது காத்த பெருமகனாரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ நெறியில் ஊன்றி நின்ற வேளாளர் குடி அவர்தம் குடி. தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். ஆதலின் மைந்தரும் கம்பனது கவியமுதத்தை இளமையிலேயே பருகி வளர்ந்தார். இலக்கண இலக்கியங்களை ஆசிரியர்பால் முறையாகப் பாடங்கேட்டுப் புலமை எய்தினார். அக்காலத்தில் தமிழ் கற்றலாவது, நூல்களை மனப்பாடம் செய்து, பொருள் வினவித் தெளிந்து, ஐயம் திரிபுகளை அறக் களைதலே ஆகும். ஐயம் எழுந்துழி அதனை மறையாது வினவித் தீர்த்துக்கொள்ளும் இப்பயிற்சி, பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

சாயர்புரத்தில் ஆசிரியப்பணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவச் சபைகள் பல பள்ளிகளை நிறுவிக் கல்வித்தொண்டு புரிந்து வந்தன. சாயர்புரம் அவற்றுள் ஒன்று. திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் ஐயர் தம் இளமைக்காலத்தில் தொண்டாற்றிய இடமும் அதுவே. அங்குள்ள கல்விச்சாலைக்கு 1853ஆம் ஆண்டு தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். இடையன்குடியில் வாழ்ந்தவரும், பின்னர்த் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றியவருமாகிய கால்டுவெல் ஐயர், கிருஷ்ணபிள்ளையின் புலமையை ஆராய்ந்து அப்பணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்.

கிருஷ்ணபிள்ளை அப்போது வைணவராகவே இருந்தார். தமிழ் கற்பித்தல் ஒன்றே அவர் ஏற்ற பணி. எனினும், கிறித்தவ மறையைப் பயிலும் மாணவர் நடுவே நாடோறும் வாழ்ந்தமையால், அம்மறையின் கருத்துகள் அவர் செவிக்கண் வீழ்ந்தன. நூல் எதுவாயினும் அதனைப் பொருளுணர்ந்து கற்பதே புலவர்க்கு இயல்பு. ஆகவே அவர் விவிலியத்தையும் சமய நூல்களையும் தாமே எடுத்துப் படிக்கலானார். அவருடைய நண்பர் தனுக்கோடி ராஜு என்பாரும் அச்சமயத்தில் ஈடுபட்டு, அதுபற்றிய உரையாடல்களில் துணை நின்றார்.

உள்ளத்தில் எழுந்த போராட்டம்

படிக்கப் படிக்க அவர்தம் உள்ளத்தே பெரியதொரு போராட்டம் எழுந்தது. ஒருபால், தாய்ப்பாலொடு பருகிய வைணவ நெறி, தந்தையார் ஊட்டிய இராமகாதை, சுற்றத்தாரின் அன்பு. மற்றொருபால், மக்களின் பாவத்தைத் தாமே சுமந்து சிலுவையில் உயிர்நீத்த இயேசு பெருமானின் பேரன்பு. முன்னதை விடுதற்கு மனம் கூசிற்று. பின்னதை மறத்தற்கும் மனம் இசையவில்லை. இரு கரைகளுக்கும் இடையே அலைவுறும் ஓடம்போல அவர் நெஞ்சம் ஆண்டுக்கணக்கில் அலைந்தது.

அந்நாளில் சமயம் மாறுதல் எளிய செயல் அன்று. 1840ஆம் ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் மதமாற்றத்தை எதிர்த்து விபூதி சங்கம் என்னும் அமைப்புத் தோன்றியது. சமயம் மாறியோரின் குடியிருப்புகளில் கலகங்களும் நிகழ்ந்தன. 1850ஆம் ஆண்டு அரசினர் இயற்றிய சட்டம் ஒன்று, சமயம் மாறியவர் தம் முன்னோரின் சொத்துரிமையை இழக்கலாகாது என விதித்தது. ஆயினும், நிலத்தையும் வீட்டையும் சட்டம் காக்கலாம். சுற்றத்தாரின் அன்பை அது காத்தல் இயலுமோ? உடன் அமர்ந்து உண்ணுதலும், திருமண உறவும், பெற்றோர்க்குச் செய்யும் இறுதிக்கடனும் ஒரே நாளில் அற்றுப்போகும் என்பதை அவர் நன்கு அறிவார். மனைவி முத்தம்மாளும் மக்களும் யாது செய்வர் என்னும் கவலையும் உடன் சேர்ந்தது.

இந்நிலையில் மனிதர் இருவகையாக நடத்தல் உண்டு. எழுந்த ஐயத்தை எண்ணாது ஒதுக்கிவிட்டு, வழக்கம்போல் வாழ்ந்துவிடுவோர் ஒருவகையினர். ஆராயாது ஒருநாளின் உணர்ச்சியால் துணிந்து, மறுநாள் வருந்துவோர் மற்றொரு வகையினர். கிருஷ்ணபிள்ளை இவ்விரு வழியினும் செல்லவில்லை. ஐயத்தை நேர்நின்று நோக்கினார், கற்றார், நண்பரோடு உசாவினார், இறைவனை நோக்கி வேண்டினார். 1853ஆம் ஆண்டில் சாயர்புரத்துக்குச் சென்றவர் முடிவு காண ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்துள்ளமை, தம் கலக்கத்தை அவர் ஒரு குறையாகக் கருதி மறைக்கவில்லை என்பதைப் புலப்படுத்தும்.

துணிவு

இறுதியில் உள்ளம் தெளிந்தது. இருப்புப்பாதை திருநெல்வேலிக்கு வாராத அக்காலத்தில், நெடுந்தொலைவு கடந்து அவர் சென்னையை அடைந்தார். 1858ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18ஆம் நாள் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயரைத் தம் பெயரொடு சேர்த்துக்கொண்டார். கிருஷ்ணபிள்ளை என்னும் பழைய பெயரை அவர் நீக்கவில்லை. கண்ணனின் திருப்பெயரைத் தாங்கியபடியே அவர் கிறித்துவின் அடியவரானார். அவர் மனைவியும் மக்களும் பின்னர் அவர் வழியைப் பின்பற்றினர். உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் அச்சமயத்தைத் தழுவியவரே.

சென்னையில் தினவர்த்தமானி என்னும் இதழின் துணையாசிரியராக அவர் சில காலம் பணியாற்றினார். பின்னர்த் தென்னாட்டுக்குத் திரும்பிப் பாளையங்கோட்டையிலும், திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் ஆசிரியப்பணி புரிந்தார். சமயம் மாறியபோதும் தமிழ்ப்பற்று அவரிடம் மாறவில்லை. கம்பனிடத்துக் கொண்ட காதலும் குறையவில்லை.

காவியத்தின் தோற்றம்

சமயத்தைத் தழுவிய அன்றே போராட்டம் முடிந்துவிட்டதென எண்ணுதல் பொருந்தாது. நம்பிக்கை என்பது ஒரே நாளில் ஈட்டிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அன்று. நாடோறும் நீர் வார்த்துக் காக்க வேண்டிய பயிர். இவ்வுண்மையை உணர்த்தும் ஆங்கில நூலொன்று கிருஷ்ணபிள்ளையின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை இயற்றியவர் ஜான் பனியன் என்பார். அவர் 1628ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். உடைந்த பாத்திரங்களைச் செப்பனிடும் எளிய தொழிலாளர். இளமையில் ஐயத்தாலும் அச்சத்தாலும் பெரிதும் அலைப்புண்டவர். அரசினரின் இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றினார் என்று 1660ஆம் ஆண்டு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் அடைக்கப்பட்டவர். 1678ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல், ஓர் ஆன்மாவின் பயணத்தை உருவகக் கதையாகக் கூறுவது.

முதுகில் பாவச்சுமையைத் தாங்கிய ஒருவன், அழியவிருக்கும் தன் நகரை விட்டு நீங்கி, வானக நகரை நாடி நடக்கின்றான். தொடக்கத்திலேயே மனச்சோர்வு என்னும் சேற்றில் அழுந்துகின்றான். சிலுவையைக் கண்ட அளவில் அவன் சுமை கழன்று வீழ்கின்றது. ஆயினும் வழி முடியவில்லை. இருண்ட பள்ளத்தாக்கும், மயக்கும் சந்தையும் எதிர்ப்படுகின்றன. கரடுமுரடான நெறியை விடுத்து, எளிதாய்த் தோன்றிய புல்வெளியில் தோழனொடு காலடி வைத்தபோது, அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் இருவரும் அகப்பட்டு, ஐயக்கோட்டையின் சிறையில் வாடுகின்றனர். பல நாள் துன்புற்ற பின்னரே, இறைவன் தந்த வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்தது அவன் நினைவுக்கு வருகின்றது. அதனைக் கொண்டு பூட்டைத் திறந்து இருவரும் வெளியேறுகின்றனர். கதை இவ்வளவில் முடியவில்லை. வானக நகரின் வாயிலுக்கு முன்னே ஓடும் ஆற்றிலும் அவன் அஞ்சி அமிழ்கின்றான். உடன்வந்த தோழன் அவன் தலையை நீர்க்குமேல் தாங்கிப் பிடிக்கின்றான். பயணத்தின் கடைசி அடியிலும் கலக்கம் வரக்கூடும் என்பதும், அவ்வேளையில் துணைவர் தாங்குதல் வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

ஐந்து ஆண்டுகள் உள்ளப் போராட்டத்தில் உழன்ற கிருஷ்ணபிள்ளைக்கு இக்கதை அயலார் கதையாகத் தோன்றுமோ? தமக்கு நன்கு தெரிந்த வழியையே அதில் அவர் கண்டிருத்தல் வேண்டும். எனவே அதனைத் தமிழ்க் காவியமாக்கத் துணிந்தார். உரைநடையாய் இருந்த கதையைச் செய்யுளாக்கினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக வகுத்தார். கம்பனிடம் கற்ற சந்தமும் வருணனையும் அதில் பொலிந்தன. அந்நூல் நற்போதகம் என்னும் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. 1894ஆம் ஆண்டு 3766 பாடல்களைக் கொண்ட இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருநூலாக உருப்பெற்றது. அவர் திருமுழுக்குப் பெற்று அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றலாயிற்று.

அந்நூலின் இரண்டு சிறப்புகளை நாம் கருதுதல் வேண்டும். பனியனாரின் கதையில் சிலுவைக் காட்சி சுருக்கமாகவே அமைந்துள்ளது. கிருஷ்ணபிள்ளையோ இயேசு பெருமான் பட்ட பாடுகளைத் தனிப்படலத்தில் விரித்து, கற்போர் நெஞ்சம் உருகுமாறு பாடினார். தம்மை முதன்முதல் ஈர்த்த பேரன்பையே காவியத்தின் நடுவில் விளக்காக ஏற்றி வைத்தார் எனலாம். மற்றொரு சிறப்பு, காவியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களை அமைத்தமையாகும். பயணி சோர்வுறும்போதும், அஞ்சும்போதும், மகிழும்போதும் இறைவனை நோக்கி உருகுகின்றான். ஆழ்வாரும் நாயன்மாரும் கண்ட பத்தி நெறியின் மணம் அப்பாடல்களில் கமழ்கின்றது. இளமையில் கற்ற தமிழ் அவருடைய புதிய நம்பிக்கைக்குப் பகையாகவில்லை. அதற்கு மொழியும் இசையும் தந்து வளர்த்தது.

இறுதிக்காலம்

முதுமையிலும் அவர் எழுத்துப்பணியை நிறுத்தவில்லை. இரட்சணிய மனோகரம், இரட்சணிய சமய நிர்ணயம், போற்றித் திருவகவல் முதலிய நூல்களையும் இயற்றினார். 1900ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 3ஆம் நாள் தம் எழுபத்திரண்டாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவர்களே! நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் ஆகுக. வாழ்வில் ஒருநாள் உங்கள் உள்ளத்திலும் ஐயம் எழும். நீங்கள் உயர்ந்ததெனக் கருதிய ஒன்று மெய்தானோ என்று நெஞ்சம் நடுங்கும். அவ்வேளையில் இப்பெருமகனாரை நினைவு கூர்க. அவர் ஐயத்தைக் கண்டு ஓடினாரல்லர். அதற்கு அடிமையாகவும் ஆனாரல்லர். பொறுமையோடு ஆராய்ந்தார், மெய்யெனத் தெளிந்ததைத் துணிவுடன் ஏற்றார், ஏற்றதனை நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கைவிடாது காத்தார். தாம் விட்டுவந்த நெறியின் இலக்கியச் செல்வத்தை அன்புடன் போற்றவும் செய்தார். தம் நம்பிக்கையில் உறுதியும், பிறர் நெறியின்பால் மதிப்பும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்றல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.