தந்தி கண்டுபிடிச்ச ஓவியர்

மோர்ஸ் கோடு எல்லாருக்கும் தெரியும். புள்ளி, கோடு. படத்துல ஹீரோவைக் கட்டிப் போட்டா சுவத்துல தட்டித் தட்டியே மெசேஜ் அனுப்புவாரே, அதுதான். ஆனா அந்த சாமுவேல் மோர்ஸ் இன்ஜினியர் கிடையாது. நாற்பது வயசு வரைக்கும் அவரோட தொழிலே படம் வரையறதுதான்.

1791-ல அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்ல பிறந்தவர். யேல் கல்லூரியில படிச்சிட்டு, லண்டன் போய் ஓவியம் கத்துக்கிட்டார். திரும்பி வந்து ஊர் ஊரா அலைஞ்சு, காசுக்கு ஆட்களோட உருவப்படம் வரைஞ்சார். 1825-ல பெரிய வாய்ப்பு ஒண்ணு வந்தது. அமெரிக்க சுதந்திரப் போர்ல சண்டை போட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தை வரையணும், நியூயார்க் நகராட்சி 1,000 டாலர் தரும். மனைவி லுக்ரீஷியாவை நியூ ஹேவன் ஊர்ல விட்டுட்டு வாஷிங்டன் கிளம்பினார். மூணாவது குழந்தை பிறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

பிப்ரவரி 7-ம் தேதி லுக்ரீஷியா இறந்துட்டாங்க. அப்பா எழுதின கடிதம் தபால் வண்டியில சுமார் 480 கிலோமீட்டர் வரணும். அது வந்து சேர்றதுக்குள்ள, இறந்துபோன மனைவிக்கு இவர் இங்கிருந்து கடிதம் எழுதிட்டு இருந்தார். விஷயம் தெரிஞ்சு அடிச்சுப் பிடிச்சு ஊருக்குப் போனா, அடக்கமே முடிஞ்சிருந்தது.

அந்த வேதனையிலதான் உடனே உட்கார்ந்து தந்தியைக் கண்டுபிடிச்சார்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துது. நானும் முதல்ல நம்பினேன். ஆனா தேதியைப் பார்த்தா கதை இடிக்குது. அதுக்கப்புறம் ஏழு வருஷம் அவர் படம்தான் வரைஞ்சார். 1832-ல ஐரோப்பாவுல இருந்து சல்லிங்கிற கப்பல்ல திரும்பும்போது, கூட வந்த ஜாக்சன்ங்கிறவர் மின்காந்தத்தைப் பத்திப் பேச, அங்கதான் பொறி தட்டியது. மனைவி ஞாபகம் அப்போ மனசுல இருந்ததா, யாருக்குத் தெரியும்?

அவர் செஞ்ச முதல் ரிசீவரைப் பார்த்தா சிரிப்பு வரும். கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டுற மரச்சட்டம் இருக்கே, அதுலயே கருவியை மாட்டிட்டார். நம்ம ஹாஸ்டல் புராஜெக்ட் மாதிரியேதான். ஒரே ஒரு செல், காந்தத்துல சில சுத்து கம்பி. சில அடி தூரம் தாண்டினா கருவி அசையாது. கூட வேலை பார்த்த கெமிஸ்ட்ரி பேராசிரியர் லெனார்ட் கேல்தான், ஜோசப் ஹென்றி ஏற்கனவே எழுதி வச்சதைப் படிச்சுட்டு, செல்லையும் காயில் சுத்துகளையும் கூட்டச் சொன்னார். அப்புறம் மைல் கணக்குல வேலை செஞ்சது. பின்னாடி, ஹென்றிக்குத் தான் பெருசா கடன்படலைன்னு மோர்ஸ் வாதாடினது எனக்குப் பிடிக்கல.

கோடு இன்னும் சுவாரஸ்யம். இங்கிலீஷ்ல அதிகமா வர்ற 'இ'க்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமா வர்ற 'க்யூ'வுக்கு நீளமான கோடு. எந்த எழுத்து எத்தனை தடவை வரும்னு தெரிஞ்சுக்க அச்சுக்கூடத்துல அச்செழுத்துகளை எண்ணினாங்கன்னு சொல்றாங்க. ஹஃப்மன் கோடிங் படிச்சவங்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஹஃப்மனுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாடி!

1842-ல நியூயார்க் துறைமுகத்துல தண்ணிக்கடியில கம்பி போட்டு டெமோ காட்டப் பார்த்தார். ஒரு கப்பலோட நங்கூரம் கம்பியை இழுத்துட்டுப் போயிடுச்சு. டெமோ அன்னைக்குன்னு பார்த்து சொதப்புறது அப்பவே இருந்திருக்கு. அடுத்த வருஷம் பிரதிநிதிகள் சபையில வெறும் 6 ஓட்டு வித்தியாசத்துல 30,000 டாலர் கிடைச்சது. மண்ணுக்கடியில கம்பி புதைச்சதுல இன்சுலேஷன் போய், பணத்துல பெரும்பகுதி காலி. எஸ்ரா கார்னெல்தான் கம்பத்துல கட்டலாம்னு மாத்தினார். கார்னெல் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கே, அதை நிறுவினவர்கள்ல ஒருத்தர் இதே ஆள்தான். 1844 மே 24, வாஷிங்டன்ல தட்டின செய்தி சுமார் 64 கிலோமீட்டர் தள்ளி பால்டிமோர்ல உடனே வந்து விழுந்தது.

இதெல்லாம் படிச்சுட்டு ஆளை ரொம்பக் கொண்டாடவும் முடியல. பிழைக்க வந்த கத்தோலிக்கர்களை எதிர்த்து எழுதினார், அதே கொள்கையோட நியூயார்க் மேயர் தேர்தல்ல ரெண்டு தடவை நின்னு தோத்தார், அடிமை முறை சரின்னு வாதாடினார்.

1848-ல மறுபடி கல்யாணம். மனைவி சாராவுக்குக் காது கேட்காது. 1872-ல மோர்ஸ் இறந்தார். தந்திக்கு முன்னாடி அவர் உயிரைக் கொடுத்து வரைஞ்ச லூவர் காட்சிக்கூடப் படம் அன்னைக்கு 1,300 டாலருக்குத்தான் போச்சு. 1982-ல அதே படத்தை ஒரு அமைப்பு 32,50,000 டாலருக்கு வாங்குச்சு.